கார் ஏசியில் கேஸ் எங்கே போகிறது?

"கேஸ் தீர்ந்துபோச்சு சார், அடிச்சிரலாம்."

இரண்டு கோடைகளுக்குள் இந்த வாக்கியத்தை மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்று முறையும் தலையாட்டிவிட்டுக் காசு கொடுத்தேன். முதலில் அடித்த கேஸ் ஆறு மாதம் தாங்கியது. அடுத்தது நான்கு மாதம். மூன்றாவது ஒன்றரை மாதம்கூட நிற்கவில்லை. அக்னி நட்சத்திர வெயிலில், மதுரை காளவாசல் சிக்னலில், கண்ணாடியை இறக்கிவிட்டு வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. பெட்ரோல் ஓட ஓட எரிகிறது, அதனால் தீர்கிறது. ஏசி கேஸை யாரும் எரிப்பதில்லையே, அது எப்படித் தீரும்?

தீராது. குறைந்திருந்தால் எங்கோ வழியாக வெளியே போயிருக்கிறது. இது புரிந்துவிட்டால் ஏசி கடையில் நாம் கேட்கும் கேள்வியே மாறிவிடும். "கேஸ் அடிக்க எவ்வளவு ஆகும்?" என்று கேட்க மாட்டோம், "எங்கே லீக் ஆகுது?" என்று கேட்போம்.

உள்ளே சுற்றுவது என்ன

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கையில் தடவினால் சில்லென்று இருக்குமே, ஏசியின் அடிப்படை அவ்வளவுதான். திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பிரிட் ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஏசியில் அந்த ஆவியைத் தப்பவிடாமல் பிடித்து, அழுத்தி, மறுபடி திரவமாக்கி, திரும்பவும் ஆவியாக விடுகிறார்கள்.

நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்ற வாயு. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் கம்ப்ரசர் இதை அழுத்திச் சூடான வாயுவாக முன்பக்கம் தள்ளுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் காற்று பட்டுச் சூட்டை இறக்கிவைத்துவிட்டு அது திரவமாகிறது. வழியில் டிரையர் என்ற சிறிய டப்பா, உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்புறம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாக, டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் எவாப்பரேட்டரில் பீய்ச்சுகிறது. இதை நம் மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அங்கே அழுத்தம் சட்டென்று குறைவதால் திரவம் கொதித்து ஆவியாகிறது, காயில் ஜில்லிடுகிறது, புளோயர் ஊதும் காற்று அதன்மேல் பட்டு நம் முகத்துக்கு வருகிறது. ஆவி திரும்பக் கம்ப்ரசருக்கே போகிறது. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த வளையத்தில் ஒரு சின்ன ஹேட்ச்பேக் காருக்குப் போடும் கேஸ் 350 முதல் 500 கிராம்தான். அரைக் கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தின் கனத்தைத் தாண்டாது. சரியான எடை எவ்வளவு என்று பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள். என் காரில் அது 430 கிராம். ஒன்பது வருடமாக அந்த ஸ்டிக்கரை நான் படித்ததே இல்லை.

கேஸோடு சேர்ந்து கம்ப்ரசருக்கான ஆயிலும் கொஞ்சம் சுற்றிவரும். எஞ்சினுக்கு இருப்பதுபோல இதற்குத் தனி ஆயில் டேங்க், அளவுக்கோல் எல்லாம் கிடையாது. கேஸ் எங்கே போகிறதோ அங்கெல்லாம் ஆயிலும் போகும். கசிவு இருக்கும் இடத்தில் அதுவும் சேர்ந்து வெளியே வரும். இதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. கசிந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக் காட்டிக்கொடுக்கும், அது நல்லது. ஆயில் குறையக் குறையக் கம்ப்ரசர் காய்ந்து தேயும், அது கெட்டது. கேஸை மட்டும் நிரப்பி நிரப்பி ஓட்டுபவர்களின் கம்ப்ரசர் ஒரு நாள் இறுகிப்போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு நேர்மையான திருத்தமும் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கு நூறு ஒழுகாத கார் ஏசி கிடையாது. எஞ்சின் அதிர்ந்துகொண்டே இருப்பதால் எல்லாக் குழாய்களையும் உலோகத்தில் செய்ய முடியாது, நடுவில் ரப்பர் ஹோஸ் வேண்டும். ரப்பர் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட்டின் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் போகத்தான் செய்யும். ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு குளிர் லேசாகக் குறைந்தால் அதை மன்னித்து ஒருமுறை நிரப்பிக்கொள்ளலாம். வருடா வருடம் நிரப்பவேண்டி வந்தால் மன்னிக்க ஒன்றுமில்லை, தேட வேண்டியதுதான்.

முதலில், கேஸ்தான் பிரச்சினையா?

குளிர் இல்லை என்றதும் கேஸைச் சந்தேகிக்கிறோம். அதற்கு முன் காசு செலவில்லாத சில விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டர் புழுதியும் சருகுமாக அடைத்திருந்தால் காற்றே வராது. கண்டென்சர் ஃபேன் ஓடவில்லை என்றால், கார் ஓடும்போது ஜில்லென்று இருக்கும், சிக்னலில் நின்றதும் அனல் அடிக்கும். கேஸ் குறைந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால் நிறையப் பேர் இங்கே ஏமாறுகிறார்கள். ஏசியைப் போட்டுவிட்டு இறங்கி, ஃபேன் சுற்றுகிறதா என்று எட்டிப் பார்த்துவிடுங்கள்.

காருக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பதறவேண்டாம். ஜில்லிட்ட காயிலில் காற்றின் ஈரம் வியர்த்து, ஒரு டியூப் வழியாக வெளியே வருகிறது. சொட்டினால் ஏசி வேலை செய்கிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் கேஸ் இப்படிச் சொட்டாது, வெளியே வந்த கணமே ஆவியாகிவிடும்.

கேஸ் குறைந்ததற்கு ஓரளவு நம்பகமான அடையாளம், கம்ப்ரசரின் கிளட்ச் சில விநாடிக்கு ஒருமுறை டக்கென்று பிடிப்பதும் விடுவதுமாக இருப்பது. உள்ளே அழுத்தம் ரொம்பக் குறைந்தால் ஒரு பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும், அதைக் காப்பாற்றத்தான். சிலர் அந்த சுவிட்சின் இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டு "சரியாயிருச்சு" என்பார்கள். அப்படி யாராவது கை வைத்தால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேஜ் சொல்லாத கணக்கு

நான் முன்பு போய்க்கொண்டிருந்த கடையில், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, எஞ்சின் ஓடாதபோது முள்ளைக் காட்டி, "பாருங்க சார், இவ்ளோதான் இருக்கு" என்பார்கள். நானும் முள்ளைப் பார்த்துத் தலையாட்டுவேன். அந்த முள் அளவைச் சொல்லவே சொல்லாது என்று பிறகுதான் தெரிந்தது.

வீட்டு கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நிரம்பியிருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்பின் தீ ஒரே மாதிரிதான் எரியும். கடைசி நாள் வரைக்கும் தெரியாது, திடீரென்று பாதிச் சோற்றில் அணைந்துவிடும். ஏனென்றால் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. எவ்வளவு மிச்சம் என்று அறிய சிலிண்டரைத் தூக்கித்தான் பார்க்கிறோம். கார் ஏசியும் அப்படித்தான். எஞ்சின் நின்று ஆறிய நிலையில், 32 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ சுமார் 100 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 430 கிராம் இருந்தாலும் அதே 100, பாதி இருந்தாலும் அதே 100. முள் 40, 50 என்று இறங்கிக் கிடந்தால் திரவமே இல்லாத அளவுக்குக் காலியாகிவிட்டது என்று சொல்லலாம். அவ்வளவுதான் அதனால் சொல்ல முடியும்.

ஓடும்போது பார்க்கும் அழுத்தம் வேறு கதை. உறிஞ்சும் பக்கம் 25 முதல் 45 பிஎஸ்ஐ, தள்ளும் பக்கம் 150 முதல் 250 பிஎஸ்ஐ வரை வெயிலுக்கும் காருக்கும் தகுந்தபடி மாறும். அதை வைத்து நோயை ஊகிக்கலாம், அளவைச் சொல்ல முடியாது. அளவு தெரிய ஒரே வழி, இருப்பதை மெஷினில் இழுத்து எடை போடுவது. நல்ல கடைகளில் இந்த ரெக்கவரி மெஷின் இருக்கும். கார் ஏசிக்கு எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் அடையாளம் அந்த மெஷினும் எடைத்தராசும்தான்.

எங்கெல்லாம் கசியும்

இணைப்புகளில்தான் முதலில் தேட வேண்டும். இரண்டு அலுமினியக் குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு ஓ-ரிங் இருக்கும், பெரும்பாலும் பச்சை நிறம். எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து, ரப்பர் தன் உருட்டு வடிவத்தை இழந்து தட்டையாகிவிடும். கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் அடுத்தது. மாதக்கணக்கில் ஏசி போடாமல் நிறுத்தி வைக்கும் கார்களில் சீல் காய்ந்து கசியும், அதனால்தான் மழைக்காலத்திலும் அவ்வப்போது பத்து நிமிடம் ஏசியை ஓட்டச் சொல்கிறார்கள்.

கண்டென்சர் பாவம், காரின் மூக்கில் நிற்பதால் நெடுஞ்சாலையில் தெறிக்கும் கல்லெல்லாம் அதன்மேல்தான். தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்று அலுமினியத்தைப் பொடிப்பொடியாக அரித்துவிடும். ஹோஸில் உலோகக் கழுத்தை இறுக்கி மடித்திருக்கும் இடமும் கசியும். கூலிங் காயில் எப்போதும் ஈரத்தில் நனைந்து, புழுதியும் இலைத்துகளும் ஒட்டி, உள்ளுக்குள்ளேயே அரிபட்டுப்போகும். கையிலும் எட்டாது, கண்ணிலும் படாது.

எல்லாரும் மறந்துபோகும் இடம் ஒன்று உண்டு. கேஜ் ஹோஸை மாட்டும் சர்வீஸ் வால்வு. அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் கதை.

ஒரு சோப்புக் குமிழ்

மூன்றாவது முறை கேஸ் போனபோது அதே கடையில் "கூலிங் காயில் போயிருச்சு சார், டேஷ்போர்டைக் கழட்டணும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நண்பர் ஒருவர் ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் ஒரு பட்டறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். பானெட்டைத் திறந்ததும் கருவி எதையும் எடுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல மூடி எங்க தம்பி?"

உறிஞ்சும் பக்கத்து சர்வீஸ் வால்வின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடி இல்லை. "மூடிதானே அண்ணே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பைத் தண்ணீரில் கலந்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து வால்வின் வாய்க்குள் இரண்டு சொட்டு விட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாயின் விளிம்பில் சவ்வு மாதிரி ஒன்று மெல்ல உப்பியது. மிளகு அளவு, சுண்டக்காய் அளவு, நெல்லிக்காய் அளவு. ஒரு நிமிடம்போல நின்று, வானவில் நிறம் காட்டி, உடைந்தது. உடனே அடுத்தது உப்பத் தொடங்கியது.

அந்த வால்வுக்குள் டயர் வால்வில் இருப்பதுபோல ஒரு ஸ்பிரிங் பின் இருக்கிறது. கேஜை மாட்டும் ஒவ்வொரு முறையும் அது அமுங்கி எழ வேண்டும். மூடி இல்லாமல் கிடந்தால் புழுதி உள்ளே போய்ப் பின்னின் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் முழுதாக அடைக்காது. மூடி வெறும் தொப்பி என்று நினைத்திருந்தேன். அதற்குள்ளும் ஒரு ரப்பர் வளையம் உண்டு, அதுவே ஒரு சீல். ஆக, முதல் முறை கேஸ் அடித்தவர்கள் மூடியைத் தொலைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து அடித்தபோது பின்னில் மண் சேர்ந்திருக்கிறது. நான் காசு கொடுத்து அடித்துக்கொண்ட கேஸ், அடித்த வாய் வழியாகவே போய்க்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. "ஒண்ணு கிடைச்சதும் நிறுத்திறக் கூடாது தம்பி. முழுசும் பாக்கணும்."

தேடும் வழிகள்

சோப்பு நுரை எளிய வழி, பஞ்சர் கடைத் தொட்டியின் அதே தத்துவம். ஆனால் நுரை வர உள்ளே அழுத்தம் வேண்டும், கையும் கண்ணும் எட்டும் இடமாகவும் இருக்க வேண்டும். மாதத்துக்குச் சில கிராம் போகும் மெல்லிய கசிவில் குமிழ் வருவதற்குள் பொறுமை போய்விடும்.

அந்த மாதிரிக் கசிவுக்கு மின்னணு மோப்பக் கருவி. நீளமான வளையும் மூக்கு, பின்னால் கைப்பிடி, கேஸ் பட்டால் கீச்சென்று கத்தும். நல்ல கருவி வருடத்துக்கு 4 கிராம் போகும் கசிவைக்கூட மோந்துவிடும். பிடிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும், அதனால் மூக்கைக் குழாய்க்கு அடியில் கொண்டுபோக வேண்டும். விநாடிக்கு ஓரிரு அங்குலம், அதற்குமேல் வேகம் கூடாது. எஞ்சினும் ஃபேனும் நின்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். சில கருவிகள் பெட்ரோல் ஆவிக்கும் கத்தும். கத்தின இடத்தை விட்டு விலகி, திரும்பக் கொண்டுவந்து, இரண்டாவது முறையும் கத்தினால்தான் நம்ப வேண்டும்.

அவர் கூலிங் காயிலைச் சோதித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. எஞ்சினை நிறுத்தி, புளோயரையும் நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்தார். காயில் கசிந்தால் கனமான வாயு கீழே இறங்கித் தண்ணீர் சொட்டும் டியூபில் வந்து தேங்கும் என்பது கணக்கு. காருக்கு அடியில் படுத்து அந்த டியூபின் வாயில் கருவியின் மூக்கை வைத்தார், தண்ணீர் மட்டும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு. கருவி வாயே திறக்கவில்லை. டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்று முந்தைய கடையில் சொன்னது அந்த இடத்தில் செத்தது. கண்டென்சரின் அடி மூலையில், திரவம் வெளியே வரும் குழாயின் இணைப்பில்தான் அது கத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தால் இணைப்பைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெயும் புழுதியும் கலந்த பிசுக்கு. இது முதலிலிருந்தே கசிந்த இடம், மூடி தொலைந்தது பிறகு வந்து சேர்ந்த வினை.

சாயம் போடுவது இன்னொரு வழி. புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைச் சில மில்லி மட்டும் உள்ளே செலுத்தி, ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டு, இருட்டிய பிறகு அந்த விளக்கை அடித்தால் கசிந்த இடம் கிளிப்பச்சையாக மின்னும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் இன்னும் துலக்கமாகத் தெரியும். காயில் கசிந்தால் சொட்டும் தண்ணீரே பச்சையாக ஒளிரும். ஒவ்வொரு கடையிலும் புதிதாகச் சாயம் ஊற்றிக்கொண்டே போனால் ஆயில் நீர்த்துவிடும், ஒருமுறை போதும்.

கேஸ் முழுக்கக் காலியான வண்டிக்கு நைட்ரஜன் ஏற்றுகிறார்கள். உலர்ந்தது, எதனுடனும் சேராதது, விலையும் குறைவு. ரெகுலேட்டர் வைத்து 150 பிஎஸ்ஐ வாக்கில் ஏற்றி, நுரை போட்டுப் பார்த்து, முள் இறங்குகிறதா என்று காத்திருப்பார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. வெல்டிங் கடையில் பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் ஆயிலும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். பஞ்சர் கடைக் காற்றும் வேண்டாம், அதில் இருக்கும் ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

கடைகளில் அதிகம் சொல்வது வேக்கம் டெஸ்ட்தான். பம்பை வைத்து உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் இழுத்துவிட்டு, "அரை மணி நேரம் முள் அசையல சார், லீக்கே இல்ல" என்பார்கள். இதை முழுதாக நம்பாதீர்கள். எவ்வளவுதான் இழுத்தாலும் வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐதான், கார் டயருக்கு அடிப்பதில் பாதி. ஓடும்போது அந்தக் குழாய் தாங்குவது 200 பிஎஸ்ஐக்கு மேல். அதுவும் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம். வேக்கத்தில் திசை தலைகீழ், வெளியே பிதுங்கிக் கசியும் ஓ-ரிங் உள்ளே இழுபட்டு நன்றாகவே அடைத்துக்கொள்ளும். பெரிய ஓட்டை இருந்தால் வேக்கம் காட்டிக்கொடுக்கும். சின்னதை மறைத்துவிடும்.

சரிசெய்வது

வேலையைத் தொடங்குமுன் மிச்சக் கேஸை மெஷினில் இழுத்தாக வேண்டும். பலர் பின்னை அழுத்திப் புஸ்ஸென்று காற்றில் விடுவார்கள். ஆர்-134ஏ ஒரு கிலோ, நூறு வருடக் கணக்கில், ஏறத்தாழ 1,430 கிலோ கார்பன் டைஆக்ஸைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். என் காரின் 430 கிராமை விட்டால் சுமார் 260 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் கூடி இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டது இதனால்தான். தவிர, கேஸ் உள்ளே இருக்கும்போது நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சும் திரவம் தோலையும் கண்ணையும் உறையவைத்துவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. கசியும் இடத்தில் பீடி, சிகரெட்டும் கூடாது, தீ பட்டால் இந்த வாயு நச்சுப் புகையாக மாறும்.

என் காருக்குத் தேவைப்பட்டவை ஒரு வால்வு பின், ஒரு மூடி, ஒரு ஓ-ரிங். மூன்றும் சேர்த்து, முன்பு ஒருமுறை கேஸ் அடித்த செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் டயர் வால்வு பின்னை இங்கே போடக் கூடாது, ரப்பர் வேறு. ஓ-ரிங்கும் ஏசிக்கென்று உள்ளதாக இருக்க வேண்டும். புது ரிங்கில் ஏசி ஆயிலை விரலால் லேசாகத் தடவித்தான் போட்டார். இணைப்பைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர், ஒன்று பிடித்துக்கொள்ள, மற்றது திருக. ஒரே ஸ்பேனரில் பலம் கொடுத்தால் அலுமினியக் குழாய் முறுக்கிக்கொண்டு, இருக்கிற கசிவு போதாதென்று புதிதாக ஒன்று வரும்.

கண்டென்சரே ஓட்டையாகியிருந்தால் ஆர்கான் வெல்டிங் வைக்கலாமா என்று கேட்பார்கள். என் அபிப்பிராயம், வேண்டாம். மெல்லிய அலுமினியம் ஓர் இடத்தில் அரித்திருந்தால் பக்கத்து இடமும் அரைகுறையாகத்தான் இருக்கும். கூலிங் காயிலுக்கு ஒட்டுப்போடுவது அதைவிட மோசம், அரை நாள் வேலையாக டேஷ்போர்டைக் கழற்றிவிட்டுப் பழைய காயிலையே திரும்ப வைப்பதில் என்ன லாபம்? டின்னில் விற்கும் லீக் அடைக்கும் திரவங்கள் பக்கமே போகாதீர்கள். அவை ஓட்டையை அடைக்கும் முன் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும், அடுத்து வேலை பார்க்கும் கடையின் மெஷினையும் கெடுக்கும்.

குழாய் நாள்கணக்கில் திறந்து கிடந்திருந்தால் டிரையரை மாற்ற வேண்டும், அது காற்றின் ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும். எல்லாம் பூட்டிய பிறகுதான் வேக்கம், குறைந்தது அரை மணி நேரம். காற்றை வெளியேற்றுவதைவிட ஈரத்தை விரட்டுவதுதான் இதன் பெரிய வேலை. அழுத்தத்தைக் காற்றழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், பம்பு அந்த ஆவியை இழுத்துவிடும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கி, ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்னும்.

இழந்த ஆயிலை ஈடுகட்டி, பிறகு தராசு வைத்து 430 கிராம் கேஸ். குளிர் கூடட்டும் என்று கூடுதலாக அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. அதிகமானால் கண்டென்சரில் திரவம் தேங்கி, அழுத்தம் ஏறி, குளிர் குறையத்தான் செய்யும். ஹைபிரிட், மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது, அதற்கு மின்சாரம் கடத்தாத தனி ஆயில். சாதாரணக் கடையில் பழைய ஹோஸை மாட்டினால் அதில் ஒட்டியிருக்கும் வேறு ஆயிலே வம்பு. ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால் அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் மட்டும் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் பெரியவர் ஒரு துண்டு டேப்பில் தேதியையும் 430 என்ற எண்ணையும் எழுதி, பானெட்டின் உள்பக்கம் ஒட்டினார். அடுத்த வருடம் மே மாதம் ரேடியேட்டர் மாற்ற வேண்டியிருந்தது, அதற்குக் கண்டென்சரைக் கழற்ற வேண்டும் என்பதால் கேஸை இழுத்தாக வேண்டும். அதே பட்டறைக்குத்தான் போனேன். மெஷின் இழுத்து முடித்துத் தராசு நின்ற இடத்தை இருவரும் குனிந்து பார்த்தோம். 421 கிராம்.

"மூடியைப் பத்திரமா வச்சிருக்கீக போல" என்றார்.